ஏழாம் கம்பத்தின் சின்னக் காயில்

ஏழாம் கம்பத்தின் சின்னக் காயில் ஒன்பது நாளுக்கு ஒருமுறை எரிந்துபோனது. ஏன் என்று துளசிமணிக்குப் பிடிபடவில்லை.

காயில் என்பது ஸ்பீக்கருக்குள் இருக்கும் செப்புக்கம்பிச் சுருள். மற்ற கம்பங்களில் அதே காயில் நான்கு வருடம் உழைத்தது. பஞ்சவனூரின் நாலாயிரத்துச் சொச்சம் கம்பங்களைப் பழுதுபார்க்கும் முப்பத்தோரு பேரில் அவள் ஒருத்தி. பன்னிரண்டு வருட அனுபவத்தில் காரணமில்லாமல் எரிந்த காயிலை அவள் பார்த்ததில்லை. மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும், பல்லி உள்ளே போய் ஒட்டிக்கொண்டிருக்கும், மின்சாரம் ஏறி இறங்கியிருக்கும். ஏழாம் கம்பத்தின் பெட்டியைக் கழற்றி, துடைத்து, முகர்ந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாயிற்று. தண்ணீர் இல்லை, பல்லி இல்லை, மின்சாரம் சீராகத்தான் வந்தது. ஆனாலும் ஒன்பதாம் நாள் காயில் கரிந்து, மேலே பூசிய அரக்கு உருகி, தீய்ந்த வெங்காயம் மாதிரி நாறியது.

இந்தக் கம்பங்கள் எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். பஞ்சவனூர் ஒரு காலத்தில் தறிச்சத்தத்துக்குப் பேர்போன ஊர். வெளியூர்க்காரர்கள் ஒரு நாள் தங்கினால் மறுநாள் தலைவலியோடு பஸ் ஏறுவார்கள். அந்தப் பெயரை மாற்ற நகர நிர்வாகம் ஒலிவேலி போட்டது. சத்தம் என்பது காற்றில் ஓடும் அலை. அதில் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். மேடு வருகிற அதே கணத்தில் அதே அளவுள்ள பள்ளத்தை எதிரே அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று நிரப்பிச் சமதளமாகிவிடும். சமதளம் என்றால் நிசப்தம். தறிக்கூடம், கல்யாண மண்டபம், பட்டறை என்று சத்தம் வரும் ஒவ்வொரு இடத்தையும் சுற்றிக் கம்பங்கள் நட்டார்கள். கட்டடத்துக்குள் வைத்த மைக் சத்தத்தைக் கேட்கும். கம்பத்துப் பெட்டி அதைத் தலைகீழாக்கும். ஸ்பீக்கர்கள் அந்தத் தலைகீழ்ச் சத்தத்தைத் தெருப்பக்கம் ஊதும். வெளியே இன்னொரு மைக், மிச்சம் ஏதாவது கசிகிறதா என்று கேட்டுக்கொண்டேயிருக்கும். அந்த மிச்சத்தின் அளவு, வட்டச் சாலை முகப்பில் நிற்கும் நாலு மாடி உயரப் பலகையில் பச்சை எண்ணாக ஒளிரும். அதன் மேல் எழுதியிருப்பது: பஞ்சவனூர், ஆசியாவின் அமைதி நகரம்.

பெரிய ஆஸ்பத்திரிகள் அந்த எண்ணைப் பார்த்து வந்தன. மாநாடுகள் வந்தன. வருடத்துக்கொருமுறை நகரங்களுக்குத் தரவரிசை போடும் கமிட்டியும் வந்தது. இந்த வாரம் அவர்கள் ஊரில்தான் இருந்தார்கள்.

ஏழாம் கம்பம் இருந்தது பஞ்சாலைச் சந்தில். பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் பழைய ஜின்னிங் மில்லைச் சுற்றிய பன்னிரண்டு கம்பங்களில், மில் கிடங்குக்கு மிக அருகில் நின்றது அது. மில் ஓடி முப்பது வருடமாகிறது. இப்போது அதை முகில் சேவை என்ற ஒப்பந்த நிறுவனம் ஓய்வில்லமாக நடத்தியது. தெருவில் படுத்துக் கிடப்பவர்களைக் கேமரா கண்டுபிடித்ததும் வேன் போய் ஏற்றிவந்து அங்கே தங்கவைக்கும். சோறு, துணி, படுக்கை எல்லாம் தருவதாகச் சுவரில் எழுதியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் பட்டறையில் எரிந்த காயிலை மேசைமேல் போட்டுவிட்டு துளசிமணி தன் கூட்டாளி மயில்சாமியிடம் புலம்பினாள். பன்னிரண்டு வருடமாக இருவரும் ஒரே ஏணியில்தான் ஏறி இறங்குகிறார்கள். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பழனிக்கு மாலை போட்டிருந்தார். பச்சை வேட்டி, வெறுங்கால், இருபது நாள் தாடி.

"அம்மணி, பெரிய காயில் நல்லாத்தான இருக்குது?" என்று கேட்டார்.

"அது புதுசு கணக்கா இருக்குதுங்கண்ணா. சின்னதுதான் கருகுது."

மயில்சாமி காயிலைக் கையில் உருட்டியபடி யோசித்தார். ஒவ்வொரு கம்பத்திலும் இரண்டு ஸ்பீக்கர். லாரி, தறி, ஜெனரேட்டர் போன்ற கனத்த சத்தங்களைப் பெரியது அழிக்கும். விசில், ரம்பம், நாகசுரம் போன்ற கீச்சுச் சத்தங்களைச் சின்னது அழிக்கும். அழிப்பதற்கும் மின்சாரம் வேண்டும். உள்ளே எவ்வளவு சத்தமோ அவ்வளவு மின்சாரம். ஆகவே சின்னக் காயில் எரிகிறதென்றால் உள்ளே கீச்சுச் சத்தம் அளவுக்கு மீறி இருக்கிறது. ஓய்வில்லத்தில் நாகசுரம் வாசிக்கிறவன் எவன்?

நாளைக்குத் தனக்கு விடுப்பு என்றும், வியாழக்கிழமை இரண்டு பேருமாகப் போய்க் கிளாம்ப் மீட்டரைக் கம்பியில் மாட்டி மின்சாரம் எப்போது ஏறுகிறது என்று பார்ப்போம் என்றும் அவர் சொன்னார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"இந்தக் கோலத்துல நான் ரோட்டோரம் உக்காந்தா என்னையவே வேன்ல ஏத்தீருவாங்க. உள்ள போயி என்னன்னு பாத்துட்டு வந்துர்றேன், போ."

வியாழக்கிழமை காலை மயில்சாமியின் மனைவி பாப்பாத்தி போன் செய்தார். நேற்று மத்தியானம் சைக்கிள் டயர் மாற்றப் போனவர் வீட்டுக்கு வரவில்லை, போனும் அணைந்திருக்கிறது. போன வருடமும் அவர் இப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் பாதயாத்திரைக் கூட்டத்தோடு நடந்துவிட்டார், இரண்டு நாளில் பழனியிலிருந்து கூப்பிடுவார் என்று துளசிமணி தைரியம் சொன்னாள். சொல்லிவிட்டு, கொடுத்த வாக்கை மறந்துவிட்டாரே என்ற எரிச்சலோடு தனியாகவே பஞ்சாலைச் சந்துக்கு வண்டியை விட்டாள்.

மணி மூன்று. சந்து எப்போதும்போல் வழுவழுப்பான அமைதியில் இருந்தது. எதிரே டீக்கடையில் நாலைந்து பேர், பக்கத்தில் ஆட்டோ ஸ்டாண்டு, கொஞ்சம் தள்ளிக் கண் ஆஸ்பத்திரி. துளசிமணி ஏழாம் கம்பத்தில் ஏணி சாய்த்து ஏறி, சின்ன ஸ்பீக்கரின் கம்பியில் மீட்டரைக் கவ்வவிட்டாள். எண் பூஜ்யத்தில் நின்றது.

மூன்று இருபதுக்கு எண் துள்ளியது. நாலு ஆம்பியர். விழுந்தது. மறுபடி நாலரை. விழுந்தது. மறுபடி ஐந்து. இயந்திரம் என்றால் ஏறி ஒரே அளவில் நிற்கும். இது அப்படியில்லை. ஏறி, நடுங்கி, விழுந்து, கொஞ்சம் இடைவெளி விட்டு ஏறியது. காதில் மட்டும் ஒன்றும் விழவில்லை. டீக்கடைக்காரர் சர்க்கரை கலக்கும் கரண்டிச் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

அப்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கம்பியில் ஓடுவது தலைகீழாக்கப்பட்ட சத்தம். ஆனால் காதுக்கு மேடும் பள்ளமும் ஒன்றுதான். ஒரு பாட்டின் அலையைத் தலைகீழாக்கி, அதை மட்டும் தனியாகக் கேட்டால் அதே பாட்டாகவே கேட்கும். அசலும் தலைகீழும் ஒன்றாக வந்து சேரும்போதுதான் இரண்டும் அழியும். ஆகவே கம்பியில் ஓடுவதை மட்டும் தனியே எடுத்துக் கேட்டால் உள்ளே என்ன சத்தம் என்று தெரிந்துவிடும். அவள் பையிலிருந்து இயர்போனை எடுத்து அதன் முனையைச் சீவினாள். காது கிழியாதிருக்க மின்சாரத்தைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டரை இடையில் சேர்த்து, கம்பியில் கவ்வவிட்டு, காதில் வைத்தாள்.

ஒரு மனிதன் அலறிக்கொண்டிருந்தான்.

ஏதோ ஈரமான பொருள்மேல் கனமாக எதுவோ விழுந்தது. அலறல். மறுபடி விழுந்தது. இன்னொருவன் பின்னால் இந்தியில் கெஞ்சினான். யாரோ சிரித்தபடி, எழுந்து நின்றால் ஒரு அடி குறைச்சல் என்று சொன்னான். மறுபடி விழுந்தது. இந்த முறை எலும்பு முறிவது தனியாகக் கேட்டது, காய்ந்த முருங்கைக் கிளை ஒடிவதுபோல. பிறகு அலறிய குரல் மூச்சு வாங்கி, வாய்க்குள் எதுவோ கொழகொழத்தபடி, வார்த்தையாகச் சொன்னது.

"ஏழாம் நம்பரு... கேக்குதா அம்மணி?"

துளசிமணி ஏணியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வேலியைப் பழுதுபார்த்து முடித்ததும் அவர்கள் செய்யும் சோதனை அது. ஒருவர் உள்ளே போய் எவர்சில்வர் தம்ளரை ஸ்பேனரால் தட்டி, ஒவ்வொரு கம்பத்தின் எண்ணாகச் சொல்லி, கேக்குதா என்று கத்துவார். மற்றவர் வெளியே நிற்பார். கேட்டால் கை தூக்க வேண்டும். கை தூக்காமல் நின்றால் வேலை நன்றாக முடிந்தது என்று அர்த்தம். பன்னிரண்டு வருடமாக மயில்சாமி உள்ளே நின்று கத்தியிருக்கிறார். அவள் வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அடி விழுந்தது. "ஏழாம் நம்பரு. கேக்குதா."

அவள் இறங்கினாள். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் மில்லின் இரும்புக் கதவைத் தட்டினாள். சீருடையைப் பார்த்துக் காவலாளி சின்னக் கதவைத் திறந்தான். மைக் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி, அவன் தடுப்பதற்குள் பத்தடி உள்ளே போய்விட்டாள். கிடங்கு வாசலில் ஒரு பச்சை வேட்டி சுருட்டிக் கிடந்தது. முழங்கை நீளத்துக்கு வெட்டிய ரப்பர் குழாயோடு ஒருவன் வெளியே வந்தான். அதன் முனையிலிருந்து சொட்டியது.

பின்னாலிருந்து ஒரு கை அவள் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தது. அவளை வாசலுக்கு இழுத்துவந்து, முகத்தை இரும்புக் கதவில் மோதினார்கள். ஒருமுறை மோதியதில் உதடு கிழிந்தது, இரண்டாம் முறை ஒரு பல் உடைந்து நாக்கில் குத்தியது. துளசிமணி கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். திறந்திருந்த சின்னக் கதவின் வழியே இருபதடி தூரத்தில் டீக்கடை தெரிந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் தம்ளரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் பஜ்ஜியைத் திருப்பினார். ஒருவரும் தலையைத் திருப்பவில்லை.

அவளுடைய வேலிதான் அது.

முதலில் வேலியைச் செய்தவர்கள் முட்டாள்கள் அல்ல. மனிதன் அலறும் சத்தம் எந்த அலைவரிசையில் வருமோ அந்த அலைவரிசையை மட்டும் அழிக்காமல் விட்டிருந்தார்கள். தீப்பிடித்தால், யாராவது உதவிக்குக் கூப்பிட்டால் வெளியே கேட்க வேண்டுமல்லவா. அதற்கு அலறல் இடைவெளி என்று பெயர். மூன்று வருடத்துக்கு முன் பஞ்சவனூர் அரைப் புள்ளியில் முதலிடத்தைத் தவறவிட்டது. கல்யாண மண்டபங்களில் குழந்தைகள் போடும் கூச்சல் அந்த இடைவெளி வழியாகக் கசிந்ததுதான் காரணம். அதை அடைக்க முடியாது என்று வெளிநாட்டு நிறுவனம் கைவிரித்தது. துளசிமணி நாற்பது நாள் பட்டறையிலேயே கிடந்து, சின்ன ஸ்பீக்கரின் வடிகட்டியைத் திருத்தி அடைத்துக் காட்டினாள். நகர முத்திரை போட்ட சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அது இன்னும் பட்டறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். எதையாவது உளறினால் அடுத்த தடவை திரும்பிப் போக முடியாது என்று காவலாளி காதோரம் சொல்லி அனுப்பினான்.

இன்ஸ்பெக்டர் குழந்தைவேலு கெட்டவரில்லை. ஸ்டேஷனில் அவளுடைய வாயைப் பார்த்ததும் எழுந்து, இரண்டு காவலர்களோடு சந்துக்கே வந்துவிட்டார். மில் சுவரில் காதை ஒட்டிப் பத்து நிமிடம் நின்றார். வெளியே வந்தபின் கம்பியிலிருந்து போனில் பதிந்துவைத்ததை அவள் போட்டுக் காட்டினாள். கேட்டார். முகம் மாறியது. ஆனால் மறுப்பாகத் தலையை அசைத்தார்.

"இந்தக் காலத்துல எந்தச் சத்தத்த வேணாலும் போன்லயே செஞ்சுக்கலாம்மா. பதிவக் கொண்டுபோனா கோர்ட்டுல தூக்கி எறிஞ்சுருவாங்க. உன்னய அடிச்சதுக்கும், அத்துமீறி உள்ள வந்தான்னு சொல்லித் தப்பிச்சுக்குவாங்க. என்ற காதுல கேக்கோணும். இல்ல, பக்கத்துல நாலு பேரு கேட்டேன்னு சொல்லோணும். அப்பத்தான் வாரண்டு இல்லாம உள்ள போக முடியும்."

"உள்ள சாகறாருங்க சார்."

"கேக்கலியேம்மா." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. தெருமுனையில் காத்திருப்பதாகவும், ஏதாவது கேட்டால் அடுத்த நொடி உள்ளே போவதாகவும் சொல்லிவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்தார்.

பலகையையும் தரவரிசையையும் கவனித்துக்கொள்ளும் நகர அடையாள அலுவலகத்தின் இயக்குநர் மீனலோசனிக்கு துளசிமணி போன் செய்தாள். பஞ்சாலை வேலியில் மட்டும் அலறல் இடைவெளியைத் திறந்துவிட அனுமதி வேண்டும் என்று கேட்டாள். தலைமையகத்திலிருந்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.  மீனலோசனி மெதுவாகப் பேசினார். இரண்டு மாதமாகத் தெருவில் படுப்பவர்களைப் பிடித்துவருவது அதிகமாகிவிட்டது தனக்கும் தெரியும் என்றார். அவர்கள் கமிட்டி கண்ணில் படக்கூடாது என்று சொன்னது தங்கள் அலுவலகம்தான், ஆனால் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளவில்லை என்றார். நாளை மாலை கமிட்டி கிளம்பிவிடும். சனிக்கிழமை தானே நேரில் போவதாகச் சொன்னார்.

சனிக்கிழமைவரை மயில்சாமி தாங்க மாட்டார் என்றாள் துளசிமணி.

"அந்த இடைவெளிய அடைச்சதே நீங்கதானே துளசி," என்றார் மீனலோசனி. குத்திக்காட்டுகிற தொனி அதில் இல்லை. நினைவுபடுத்துகிற தொனிதான். போன் வைக்கப்பட்டது.

மணி நாலே முக்கால். மயில்சாமி மறுபடி கத்தியிருப்பார். கடைசியாக அவள் கேட்டபோது எண்ணைச் சொல்லும் குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

வேலிக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டால் போதாதா? போதாது. நிறுத்திய பத்தாவது நொடியில் முகில் சேவைக்காரர்களின் போனுக்குத் தகவல் போகும். அவர்கள் கையை நிறுத்திக்கொண்டு, மின்சாரம் வரும்வரை காத்திருப்பார்கள். ஒன்பது நாளுக்கு ஒருமுறை காயில் மாற்ற விதிப்படி வேலி முழுவதையும் நிறுத்தியபோதெல்லாம் உள்ளே அமைதியாக இருந்ததற்குக் காரணம் அதுதான் என்பது இப்போது விளங்கியது. வேலி ஓட வேண்டும். வேலி ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவர்கள் நம்ப வேண்டும். ஆனால் அது அழிக்கக் கூடாது.

துளசிமணி கம்பத்தடியில் உட்கார்ந்து இரத்தத்தைத் துப்பினாள். மேடு வரும்போது பள்ளம் போனால் சமதளம். மேடு வரும்போது மேடே போனால்?

இரட்டை மேடு.

ஸ்பீக்கருக்குப் போகிற சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இடம் மாற்றினால் தலைகீழானது மறுபடி தலைகீழாகும். உள்ளே கேட்கும் ஒவ்வொரு சத்தமும் வெளியே இரண்டு மடங்காக வரும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் தெரியாமல் செய்கிற தவறு அது. தறிக்கூடத்தில் ஒருவன் அப்படி மாட்டிவிட்டு, தெருவே காதைப் பொத்திக்கொண்டு ஓடியதை அவளும் மயில்சாமியும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அன்று வெளிமைக் ஒரு நொடியில் தவறைக் கண்டுபிடித்து, பெட்டி தானாகத் திருத்திக்கொண்டது. ஆகவே இன்று வெளிமைக்கைக் கழற்றிவிட வேண்டும். கழற்றினால் பெட்டி பதறாது. மைக் மழையில் நனைந்தாலும் பலகை வெறுமையாகக் கூடாது என்பதற்காக, கடைசியாக வந்த எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்பும்படி ஒரு ஏற்பாடு இருந்தது. அடையாள அலுவலகம் கேட்டு வாங்கிய ஏற்பாடு.

கம்பத்தின் சொந்தச் சுவிட்சை மட்டும் அணைத்து ஒரே நேரத்தில் நாலு கம்பங்கள்வரை நிறுத்தினால் தகவல் போகாது. தெருப்பக்கம் இருந்தவை ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. சரியாக நாலு.

ஏணிமேல் நிற்கும் சீருடையை யாரும் தடுப்பதில்லை. காவலாளி ஒருமுறை சின்னக் கதவைத் திறந்து பார்த்தான். அடி வாங்கியும் வேலையை விடாமல் செய்கிறாளே என்ற திருப்தியோடு மூடிக்கொண்டான். ஐந்தாம் கம்பத்தில் ஒரு திருகு கீழே விழுந்து உருண்டது. அதை விட்டுவிட்டாள். ஆறு. எட்டு. ஒவ்வொன்றுக்கும் நாலு நிமிடம். அவ்வளவு நேரமும் உள்ளே அடி ஓய்ந்திருந்தது. கடைசியாக ஏழு. மூன்றின் சுவிட்சையும் போட்டுவிட்டு, ஏழாம் கம்பத்தின் மேல் நின்று நாலாவதைப் போட்டாள்.

முதலில் வந்தது மூச்சுச் சத்தம். ஒரு மாடு வீட்டுவாசலில் நின்று மூச்சுவிடுவதுபோல் அவ்வளவு பெரிதாக, தெரு முழுக்க. டீக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். ஆட்டோக்காரர் தம்ளரை வைத்தார்.

பிறகு அடி விழுந்தது.

பஞ்சவனூர் மூன்று வருடமாக ஒரு அலறலைக் கேட்டதில்லை. அந்தச் சத்தம் சந்தின் இரண்டு பக்கச் சுவர்களிலும் மோதித் திரும்பியது. கண் ஆஸ்பத்திரியின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒரு நர்ஸ் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தார். அலறல் நின்று, தெருவைவிடப் பெரிய குரல் ஒன்று, உடைந்த வாயால் சொன்னது.

"ஏழாம் நம்பரு. கேக்குதா."

துளசிமணி ஏணிமேல் நின்றபடி கையைத் தூக்கினாள். பார்ப்பவர் யாருமில்லை. ஆனாலும் தூக்கினாள். "கேக்குதுங்கண்ணா" என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து குதித்து ஓடிவந்தார். அவருக்கு முன்பே ஆட்டோக்காரர்கள் கதவை அடைந்துவிட்டார்கள். ஒரு ஆட்டோவைப் பின்னால் எடுத்து, முழு வேகத்தில் கதவில் மோதினார்கள். இரண்டாவது மோதலில் கீல் பிய்ந்தது. முதலில் எதிர்ப்பட்ட காவலாளியை டீக்கடைக்காரர் கையிலிருந்த ஜல்லிக்கரண்டியால் அடித்தார். கொதிக்கும் எண்ணெய் அதில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் குழாய்க்காரனைத் தரையில் தள்ளி மிதித்தார்கள். அவன் முன்பு சிரித்தவன். இப்போது அம்மாவைக் கூப்பிட்டான். அவன் கை மணிக்கட்டில் பின்பக்கமாக மடங்கியிருந்தது. அதன்மேல் ஒருவர் ஏறி நின்றார், இறங்கினார், மறுபடி ஏறினார். அவனுடைய அலறலும் இரண்டு மடங்காகவே தெருவில் கேட்டது. யார் அலறுகிறார்கள் என்று கம்பிக்குத் தெரியாது. ஏணியிலிருந்து அதையும் அவள் முழுதாகக் கேட்டாள். காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

கிடங்கில் பத்தொன்பது பேர் உயிரோடு இருந்தார்கள். பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு பேர் உயிரில்லாமல் இருந்தார்கள். ஒருவர் காலில் செருப்புத் தைப்பவரின் தோல் பட்டை இன்னும் கட்டியிருந்தது. மயில்சாமியை ஒரு கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிவந்தார்கள். நாலு விலா எலும்பும் தாடையும் உடைந்திருந்தன. இடது கண் போயிருந்தது. துளசிமணி பக்கத்தில் ஓடினாள். அவர் அவளுடைய கிழிந்த உதட்டைப் பார்த்துவிட்டு, சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டிக் கேள்விபோல் அசைத்தார். சின்னக் காயிலைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"எரியிலீங்கண்ணா. இந்த வாட்டி எரியில."

மறுநாள் கமிட்டி வட்டச் சாலைப் பலகையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. அதில் பச்சை எண் முந்தைய நாள் நாலே முக்காலுக்கு இருந்த அதே இடத்தில் நின்றது. பஞ்சாலைச் சந்து அந்த நாள் முழுவதும் நகரிலேயே அமைதியான தெரு என்று பதிவாகியிருந்தது. பஞ்சவனூருக்கு முதலிடம். மீனலோசனி பட்டறைக்கு வந்து துளசிமணியைத் தனியாகக் கூப்பிட்டார். கண்கள் வீங்கியிருந்தன, தூங்கவில்லை போலிருக்கிறது. முகில் சேவையின் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டதாகச் சொன்னார். கம்பிகளைப் பழையபடி மாட்டிவிடச் சொன்னார்.

"பதிவுல ஒண்ணுமே இல்ல துளசி. நடந்தது ஒரே ஒரு எடத்துலதான். அத மூடியாச்சு."

அது உண்மையா என்று பார்க்க துளசிமணியிடம் ஒரு வழி இருந்தது. காயில் மாற்றும்போதெல்லாம் பட்டறையில் ஒரு நோட்டில் எழுதி வைப்பார்கள்: எந்த வேலி, எந்தக் கம்பம், பெரியதா சின்னதா. மூன்று வருட நோட்டுகளைச் சனிக்கிழமை காலை அவள் ஆஸ்பத்திரிக்கே எடுத்துவந்து, மயில்சாமியின் கட்டிலில் பரப்பினாள். பாப்பாத்தி ஒரு பக்கம் வாசிக்க, அவள் சின்னக் காயில்களை மட்டும் எண்ணினாள். சராசரியைவிட வேகமாகச் சின்னக் காயில் எரிந்த வேலிகள் இன்னும் ஆறு இருந்தன. ஒரு நூற்பாலையின் பெண்கள் விடுதி. குடியை நிறுத்தும் இல்லம் ஒன்று. ஒரு பள்ளிக்கூட விடுதி. இரண்டு கிடங்குகள். ஆறாவது, மரங்கள் சூழ்ந்த பெரிய வீடு. அங்கே நாலு பேர் மட்டும் குடியிருந்தார்கள்.

மயில்சாமி மிச்சமிருந்த கண்ணால் ஆறாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக் காயிலை மாற்றியவர் அவர்தான். அவருடைய கையெழுத்து இருந்தது, ஏழு இடத்தில்.

பத்து மணிக்கு, அவள் கூப்பிட்டிருந்த மற்ற வேலியாட்கள் வரத் தொடங்கினார்கள். இருபத்தொன்பதாம் ஆள் வந்தபோது வார்டில் நிற்க இடமில்லை. எல்லோரும் அவளுக்கு முன்பே தெரிந்தவர்கள், ஒருவருக்கொருவர் ஏணி பிடித்தவர்கள்.  ஆறு இடங்களையும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். எப்படிச் செய்வது என்று கேட்டார்கள். துளசிமணிக்கு உடைந்த பல்லோடு பேசக் கஷ்டமாக இருந்தது. காயில் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுதி, கைக்குக் கை மாற்றிவிட்டாள்.

வேலிக்கு மின்சாரத்தை நிறுத்த வேண்டாம். தெருப்பக்கக் கம்பங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் நாலுக்கு மேல் வேண்டாம். கம்பத்தின் சொந்தச் சுவிட்சை அணையுங்கள். முதலில் வெளிமைக்கின் கம்பியைக் கழற்றுங்கள். இதை மறந்தால் பெட்டி திருத்திக்கொள்ளும். சின்ன ஸ்பீக்கரில் சிவப்பு இருந்த இடத்தில் கறுப்பையும், கறுப்பு இருந்த இடத்தில் சிவப்பையும் முடுக்குங்கள். சுவிட்சைப் போடுங்கள். கேட்கும்.